ஆட்டமும் பாடமும்

மயிலாடிக்குப் போகிறவர்கள் ஊர் வந்துவிட்டது என்பதைக் கண்ணால் தெரிந்துகொள்வதற்கு முன்பே காதால் தெரிந்துகொள்வார்கள். சாலையின் இரு பக்கங்களிலும் ஓலைப் பந்தலுக்குக் கீழேயும் தகரக் கொட்டகைக்குக் கீழேயும் சிற்பிகள் உட்கார்ந்து கல்லைக் கொத்திக்கொண்டிருப்பார்கள். அந்த 'டங் டங்' ஒசைதான் அந்த ஊருக்குப் பெயர்ப்பலகை.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். மூன்று தலைமுறையாகச் சிற்ப வேலை. சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் அவரைப் பார்க்கப் போனபோது, வழக்கம்போல் கருப்பட்டிக் காப்பி வந்தது. வழக்கத்துக்கு மாறாகச் சிநேகிதரின் முகம் சிணுங்கியிருந்தது.

"அண்ணாச்சி, இந்த அநியாயத்தைக் கேளுங்க. பிள்ளைகளப் படிக்க அனுப்புகோம். அங்க டீச்சர் கம்ப்யூட்டரைப் போட்டு வச்சு விளையாடச் சொல்லுகா. வீட்டுல இவன் கையில இருந்து செல்போனைப் பிடுங்கி வைக்கதுக்கு நான் படுத பாடு எனக்குல்லா தெரியும்? பள்ளிக்கூடத்துலயே அதைச் சொல்லிக் கொடுத்தா நாம எங்க போய் முட்டிக்கிட?"

அன்று மாலை பள்ளியில் பெற்றோர் கூட்டமாம். நானும் கூட வர வேண்டுமாம். "நீங்க நாலு எழுத்து எழுதுகவரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுபடும்" என்றார்.

எழுதுகிறவன் சொன்னால் எடுபடும் என்று நம்புகிற மனிதர் இன்னும் ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனால் எந்தப் பக்கம் பேசுவது? கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் எழுந்து ஊருக்குள் ஒரு நடை போய்வரக் கிளம்பினேன். நடக்க நடக்க, பள்ளிக்கூடத்தைப் பற்றிய வழக்கு ஒன்றை விசாரிப்பதற்கு மயிலாடியைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை என்று தோன்றியது.

காரணம் இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் புதிய முறைப் பள்ளிக்கூடம் முதன்முதலாக வேரூன்றிய ஊர் இது. அந்தச் சரித்திரம் ஒரு பிரயாணத்தில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். சாதி அடுக்கில் மிகக் கீழே வைக்கப்பட்டிருந்த மக்களில் ஒருவர் அவர். போன வழியில் மனம் மாறியது. தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தம் மக்களுக்கு ஒரு குரு வேண்டும் என்று அவர் அழைத்த அழைப்புக்கு வந்தவர்தான் ரிங்கல்தௌபே. 1770ஆம் வருஷம் பிரஷ்யாவின் சைலீஷியா மாகாணத்தில் பிறந்தவர். லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியர். 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கி, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இந்தச் சீமைக்குள் நுழைந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. பள்ளிக்கூடமும் எழுந்தது. பிற்பாடு மீட் ஐயர் காலத்தில் அந்தப் பள்ளி நாகர்கோவிலுக்குப் போய், வளர்ந்து, 1893இல் கல்லூரியாகவும் ஆயிற்று. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேரைத் தேடிப் போகிறவர்கள் மயிலாடியில்தான் வந்து நிற்க வேண்டும்.

ரிங்கல்தௌபே 1816இல் உடல் நலிந்து இந்த ஊரை விட்டுப் போனார். போனவர் என்ன ஆனார் என்பதே உலகத்துக்குத் தெரியாமல் போய்விட்டது. மலாக்காவுக்குப் பிறகு அவரைப் பற்றிய சேதி இல்லை. ஆனால் அவர் வைத்த பள்ளிக்கூடம் நின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் நிழல்கூட விழக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். இந்த ஊரில் ஒரு தகப்பன், "பிள்ளையைப் படிக்க அனுப்புகோம்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக் கனம் இருக்கிறது. படிப்பு என்பது அவர்களுக்கு எளிதில் கிடைத்த பண்டம் அல்ல. கிடைத்ததை விளையாட்டாக்கிவிடுவார்களோ என்று அவர்கள் பயப்பட்டால் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

சரி, அந்தப் பழைய திண்ணைப் பள்ளிக்கூடம்தான் எப்படி இருந்தது? முதலில் மணல். உபாத்தியாயர் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதுவார். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பழகும். கோணினால் உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மறுபடியும் புதிது. கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறினால் கீறினதுதான். அதை அழிக்க முடியாது.

இந்த மணலுக்கு ஒரு பெரிய யோகம் அடித்தது. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்குக் கண்காணிப்பாளராக ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறுவேனா என்றது. ஒரு நாள் குதிரைமேல் போகும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். இதென்ன, கரும்பலகையும் காகிதமும் இல்லாமல் இவ்வளவு சுளுவாக எழுதுகிறார்களே என்று ஆச்சரியம். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி உபாத்தியாயர்களோ இது நம் கௌரவத்துக்கு ஆகாது என்று முரண்டு பிடித்தார்கள். பெல் யோசித்தார், ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, "சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடு" என்று விட்டுவிட்டார். பையன் ஜெயித்தான். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கும் அந்த முறையைப் பெல் 1797இல் லண்டனில் புத்தகமாக எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் திண்ணையிலிருந்து கப்பலேறிய மணல் அது.

ஆனால் திண்ணைப் பள்ளியில் மணல் மட்டுமா இருந்தது? பிரம்பும் இருந்தது. கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. உத்தரத்தில் கயிறு கட்டிப் பிள்ளையைத் தொங்கவிடுவார்கள். மணலில் செய்த பிழைக்கு உள்ளங்கைத் தடவல் போதும்; வாயால் செய்த பிழைக்கு முதுகுத்தோல் கொடுக்க வேண்டும். நம் கல்வியின் சரித்திரத்தையே இந்த இரண்டுக்கும் நடந்த இழுபறி என்று சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்திலும் விளையாட்டு இல்லாமல் இல்லை. ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை. அடுக்களைத் திண்ணையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தது. எங்கள் ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் அல்ல. பல்லாங்குழிப் பலகையின் முன் உட்கார்ந்தாளென்றால் கணக்கு வாத்தியார் தோற்றுப்போவார். 14 குழி, குழிக்கு 5 முத்து, ஆக 70. எந்தக் குழியிலிருந்து எடுத்து இட்டால் எங்கே போய் முடியும், எந்தக் குழியில் நாலு சேர்ந்து 'பசு'வாகும் என்பதை ஆச்சி முத்தைத் தொடுவதற்கு முன்பே கண்ணால் கணக்கிட்டுவிடுவாள். நான் கூட்டலையும் கழித்தலையும் அவள் எதிரே சம்மணமிட்டுத்தான் கற்றேன். பள்ளியில் கற்றது அதற்குப் பெயர் மட்டும்தான்.

வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபத சோபான படம் விரிப்பார்கள். ஏணியில் ஏறினால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம். எந்தக் குணம் மேலே ஏற்றும், எந்தக் குணம் கீழே தள்ளும் என்ற நீதிப் பாடத்தைத் தாயக்கட்டையும் சோழியுமாகப் பிள்ளைகளுக்குப் புகட்டின புத்தகம் அது. அந்த வகைப் படந்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், புண்ணிய பாவங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, வெறும் 'பாம்பும் ஏணியும்' ஆகித் திரும்பி வந்து நம் கடைகளில் தொங்கியது. மணலைக் கொண்டுபோனவர்கள் பாடத்தை வளர்த்தார்கள்; படத்தைக் கொண்டுபோனவர்கள் பாடத்தை உதிர்த்துவிட்டார்கள். விளையாட்டு என்பதாலேயே ஒரு பொருள் பாடமாகிவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

விளையாட்டைப் படிப்புக்கென்றே உட்கார்ந்து செய்தவர்கள் யார் என்று பார்த்தால், வேடிக்கை, அதுவும் சைலீஷியாவில்தான் போய் நிற்கிறது. ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர் பிறந்த மாகாணத்தின் தலைநகரான பிரெஸ்லாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு ஒருவர் யுத்த விளையாட்டு ஒன்றைச் செய்து, 1812இல் பிரஷ்ய மன்னருக்குக் காணிக்கை ஆக்கினார். 1824இல் அவருடைய மகன், ராணுவ அதிகாரி, அதைத் திருத்தினார். மேஜைமேல் தேசப்படம், படைகளுக்கு மரக்கட்டை, அதிர்ஷ்டத்துக்குத் தாயக்கட்டை, நடுவே ஒரு நடுவர். தளபதிகள் அதைப் பார்த்துவிட்டு ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கே அதைச் சிபாரிசு செய்தார்கள். உண்மைப் போரில் ஒரு பிழைக்கு ஆயிரம் உயிர் விலை. மேஜைமேல் பிழை செய்தால் மரக்கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். மறுபடியும் பாருங்கள், மணல்தான்!

நூற்றைம்பது வருஷம் தாண்டுவோம். 1971 டிசம்பர். அமெரிக்காவில் மினியாப்பொலிஸ் நகரம். டான் ராவிட்ஷ் என்ற இளைஞர் ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசூரியிலிருந்து ஆரிகன் சீமைக்குக் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு, ஏறக்குறைய 2000 மைல் போனார்களே, அந்தப் பாடம். பிள்ளைகள் தூங்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு படமும் தாயக்கட்டையும் தயார் செய்தார். அவருடைய அறைத் தோழர்களான ஹைனமானும் டில்லன்பெர்கரும் கணக்கு ஆசிரியப் பயிற்சிக்காரர்கள். "இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமே" என்று இரண்டே வாரத்தில் எழுதி முடித்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி வகுப்பில் ஆட்டம் தொடங்கியது.

கம்ப்யூட்டர் என்றதும் நேயர்கள் வண்ணத் திரையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். திரையே கிடையாது. தந்தி ஆபீஸ் யந்திரம் போன்ற ஒன்று காகிதத்தில் கடகடவென்று அச்சடித்துக் கேள்வி கேட்கும். மாட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு செலவிடுகிறாய்? பிள்ளைகள் கூடிப் பேசித் தட்டச்சுச் செய்ய வேண்டும். கம்பளித் துணிக்குக் கஞ்சத்தனம் பண்ணினவன் மலைமேல் குளிரில் செத்தான். பள்ளி திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் வந்து வரிசை நின்றார்களாம்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் ராவிட்ஷ் யந்திரத்திலிருந்து அதை அழித்துவிட்டார். ஆனால் அச்சுப் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். 1974இல் அந்த மாநிலத்தின் கல்விக் கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, காகிதத்தைப் பார்த்து வரி வரியாக மறுபடியும் தட்டச்சுச் செய்தார். நம் ஏட்டுப் பிரதிகள் கறையானுக்குத் தப்பிய கதைதான். அதோடு நிற்காமல், அந்தப் பாதையில் உண்மையில் போனவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படித்து, வியாதி எத்தனை முறை வந்தது, மழை எத்தனை முறை வந்தது என்ற விகிதத்தையும் திருத்திச் சேர்த்தார். பிற்பாடு அது வண்ணத் திரையில் ஏறி, அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் முழுவதற்கும் தெரிந்த விளையாட்டாயிற்று.

இங்கேயும் ஒரு பாம்பு இருக்கிறது. அந்த விளையாட்டில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் வெள்ளைக்காரன். வண்டிகள் போய்ச் சேர்ந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை அந்தக் கடகட யந்திரம் கேட்கவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பக்கத்துச் சரித்திர அறிஞர்களைக் கலந்துகொண்டு அதைத் திருத்தி அமைத்த பதிப்பு 2021இல்தான் வந்தது. ஐம்பது வருஷம்! ஆகவே ஆட்டத்தைச் செய்கிறவன் யார், யாருடைய வண்டியில் நம் பிள்ளையை ஏற்றுகிறான் என்று பார்க்க வேண்டியது அவசியம். புத்தகத்தைப் பிள்ளை சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கும். விளையாட்டின் விதியை அது சந்தேகப்படுவதில்லை. விதிக்குள் ஜெயிப்பதிலேயே குறியாக இருக்கும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை மயிலாடி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் வளர்ந்து, 2016–17இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணினிப் பாடப்புத்தகமே வந்தது. பெயர் என்ன தெரியுமா? 'களிப்பெட்டி'. விளையாட்டுப் பெட்டி! பாடப்புத்தகத்துக்கே அப்படிப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் 2000இல் தொடங்கி, உலகத்துக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்ட 'ஜிகாம்ப்ரி' என்ற விளையாட்டுத் தொகுதியும் அந்தப் பள்ளிக் கணினிகளில் இடம்பெற்றது.

தமிழ்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. ஆந்திரத்தில் ரிஷி வாலி பள்ளிக்காரர்கள் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் மாநிலம் முழுவதற்கும் போயிற்று. அதில் கம்ப்யூட்டர் இல்லை, அட்டைகள்தான். ஆனால் சுவரில் ஓர் ஏணிப் படம் தொங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பரமபதத்து ஏணி! பாம்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். வீடியோ விளையாட்டில் ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும் என்கிறார்களே, அதுவும் இதுவும் அண்ணன் தம்பிகள்.

இவ்வளவையும் மனத்தில் அசைபோட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது சிநேகிதரின் மகன் பள்ளியிலிருந்து வந்திருந்தான். ஆறாம் வகுப்பு. "என்ன விளையாட்டுலே அது?" என்று கேட்டேன்.

"தராசு மாமா. ஒரு தட்டுல ஒரு பொருள் இருக்கும். இன்னொரு தட்டுல எடைக்கல்லைச் சரியா வைக்கணும். நான் ஏழு தடவை தப்பா வச்சேன்."

"டீச்சர் என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல்ல. தராசுதான் சாயும். அடி விழாது. எட்டாவது தடவை நின்னுட்டு."

எனக்குச் சுருக்கென்றது. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, கடைசிப் பெஞ்சில் சுண்ணாம்புக் கட்டியால் ஆடு புலி ஆட்டம் வரைந்ததற்காகக் கை வீங்க அடி வாங்கியவன். அதுகூடப் பெரிதல்ல. கணக்கில் பிழை செய்வேனோ என்ற பயத்தில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்ற நாட்கள் எத்தனை! ஆச்சியின் எதிரே எழுபது முத்தையும் கணக்கிட்ட பையன், கரும்பலகையின் எதிரே ஊமையாக நின்றான். இந்தப் பையன் ஏழு தடவை தோற்றதைப் பெருமையாகச் சொல்கிறான். ஏழு தடவை தோற்றதைச் சொல்ல எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

சிநேகிதர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். "அதுதான் அண்ணாச்சி எனக்குப் பயமே. தப்புப் பண்ணினா என்ன, திரும்ப முதல்ல இருந்துன்னு பழகிருவானுவ. இந்தக் கல்லைப் பாருங்க. அம்மன் முகம். நான் ஒரு கொத்து தப்பாக் கொத்தினா மூக்கு போயிரும். போன மூக்கை எந்தக் கம்ப்யூட்டர் ஒட்டித் தரும்?"

நியாயமான கேள்வி. நான் படித்த சரித்திரத்தில் எல்லாம் இதற்கு நேரான பதில் இல்லை. ஆகவே சரித்திரத்தை விட்டுவிட்டு அவரையே கேட்டேன்:

"முதல் முதலில் உளி பிடித்தபோது உங்கள் அப்பா உங்களுக்கு அம்மன் முகத்தையா கொடுத்தார்?"

"அவரு கொடுப்பாராக்கும்! மூணு வருஷம் கழிவுக்கல்லு. சும்மா கொத்திக்கிட்டுக் கிடன்னு விட்டுருவாரு. நான் அதுல யானை பண்ணுகேன்னு பண்ணினது பண்ணி மாதிரி வரும். சிரிச்சுக்கிட்டுத் தூக்கி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

கூட்டத்துக்குப் போனோம். டீச்சர் சின்ன வயசு. எங்களைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று முகம் வெளிறிவிட்டது. சிலர் கோபமாகவே பேசினார்கள். வாரத்துக்கு இரண்டே பீரியடு, ஒவ்வொரு முறையும் அரை மணி, அதன் பிறகு உண்மைத் தராசும் எடைக்கல்லும் வைத்து அதே கணக்கு என்று டீச்சர் விளக்கினாள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழும்பூர் மணலையும் மினியாப்பொலிஸ் மாட்டு வண்டியையும் பற்றிச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் சிநேகிதர் எழுந்துவிட்டார்.

"டீச்சர், நீங்க விளையாட விடுங்க. அது கழிவுக்கல்லு, வேண்டியதுதான். ஆனா ஒண்ணு. கழிவுக்கல்லுலேயே காலத்தைக் கழிச்சவன் எவனும் சிற்பி ஆனதில்ல. என்னைக்கு நல்ல கல்லுல கை வைக்கணும்னு சொல்லுகதுக்கு ஒரு ஆளு பக்கத்துல இருக்கணும். அந்த ஆளு நீங்கதான். மிஷின் சொல்லாது."

நான் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பந்தல்களில் ஓசை ஓய்ந்திருந்தது. ஒரே ஒரு கொட்டகையில் மட்டும் சின்னதாக 'டிக் டிக்' என்று தாளம் தப்பிய ஒரு சத்தம். நின்று பார்த்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் விளக்கு வெளிச்சத்தில் உடைந்த கல் துண்டு ஒன்றை மடியில் வைத்துக் கொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டு, பார்த்தும் பார்க்காததுபோல் உட்கார்ந்திருந்தார்.